பழைய காரில் ஏசி கூலிங் வரலையா? ‘கேஸ்’ போடும் முன் ஹீட்டரையும் ஒரு தடவை பாருங்க!

சித்திரை மாசம், மதியம் 2 மணி. வெண்ணந்தூரில் இருந்து சேலத்துக்குக் காரில் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு 12, 15 வயசு ஆகிவிட்டது. ஏசியை முழுசா திருப்பி வெச்சாச்சு. சத்தம் பெருசா வருது, காத்து மட்டும் வெதுவெதுன்னு வருது. மல்லூர் வர்றதுக்குள்ள சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

அடுத்த நாள் பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “கேஸ் கம்மியா இருக்குங்க, ஏத்திடலாங்க.” ஏத்துறாங்க. ஜில்லுனு வருது. காசு கொடுத்துட்டு வந்துடுறோம். ஆடி பிறக்கிறதுக்குள்ள மறுபடியும் பழைய கதை.

சேலம், நாமக்கல் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி செல்சியஸ் சாதாரணம். பக்கத்திலேயே இருக்கும் கரூர் பரமத்தி, மாநிலத்தின் அதிக வெப்பப் பட்டியலில் அடிக்கடி இடம்பிடிக்கும் ஊர். இந்த வெயிலில் ஏசி ஆடம்பரம் இல்லை. வீட்டில் வயசானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் கேஸுக்கே காசு கொட்டுவது தேவைதானா?

கேஸ் தீர்ந்து போகுமா?

பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்து போகிற பொருள் இல்லை இது. ஏசிக்குள் இருக்கும் கேஸ், மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் அந்தச் சூட்டை வெளிக்காத்து வாங்கிக்கொள்ளும், கேஸ் திரவமாகும். அந்தத் திரவம் எக்ஸ்பேன்ஷன் வால்வு என்ற சின்ன வாசல் வழியாகப் பீறிட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குள் போய் ஆவியாகும். ஆவியாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லுனு இருக்குமே, அதே கதைதான். இன்றைக்கு ஓடும் பெரும்பாலான பழைய கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரண காத்தழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே அது கொதித்துவிடும்.

ஆக, கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாக ரொம்ப மெதுவாகக் கொஞ்சம் கசிவது உண்டுதான். ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஏத்த வேண்டி வந்தால் அதைப் பெரிசா எடுத்துக்க வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை என்றால் அது ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது, பஞ்சர் ஒட்டாமல் காத்து மட்டும் பிடிக்கிற வேலை.

அதே சமயம், ஏசி பலவீனமாக இருக்கிற எல்லா வண்டியிலும் கேஸ் குறைந்திருக்காது. காசு செலவில்லாமல் வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கக்கூடிய காரணங்கள் நிறைய இருக்கு.

முதல் கேள்வி: காத்து குறைவா, குளிர் குறைவா?

புளோயரை 4-ம் எண்ணில் வைத்து, வென்ட் முன்னால் கையை நீட்டுங்கள். காத்தே பலமாக வரவில்லை என்றால் கேஸ் பக்கம் போகவே வேண்டாம். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்கள். வெண்ணந்தூர், ஆட்டையாம்பட்டி, ராசிபுரம் பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் வண்டி நிற்கிறது என்றால், பஞ்சுத் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். அறுவடை நேரத்தில் ரோட்டில் காயப்போடும் தானியத்தின் உமியும் சேர்ந்துகொள்ளும். புது ஃபில்டர் சில நூறு ரூபாய்தான். யாருடைய உதவியும் இல்லாமல் மாற்றிவிடலாம்.

மாருதி 800, ஆம்னி போன்ற பழைய வண்டிகளில் இந்த ஃபில்டரே கிடையாது. அதனால் அத்தனை தூசியும் நேராக ஈரமான கூலிங் காயிலில் போய் அப்பிக்கொள்ளும். ஏசி போட்டதும் அழுக்குத் துணி நாத்தம் வருகிறதா? காயில் அடைத்திருக்கிறது. டேஷ்போர்டைப் பிரித்துக் காயிலைக் கழுவுவது அரை நாள் வேலை. ஆனால் 15 வருஷமாக யாரும் தொடாத வண்டியில், அந்த ஒரு வேலையே கூலிங்கை மாற்றிவிடும்.

புளோயர் 1, 2, 3-ல் ஓடாமல் 4-ல் மட்டும் ஓடினால், ரெசிஸ்டர் என்ற சின்ன உதிரி பாகம் போயிருக்கும். அது பெரிய செலவு இல்லை.

இன்னொரு வகை உண்டு. கிளம்பி அரை மணி நேரம் அருமையாக வரும். அப்புறம் காத்து மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போகும். 10 நிமிஷம் ஏசியை நிறுத்திட்டுப் போட்டால் மறுபடியும் வரும். கூலிங் காயில் மேல் ஐஸ் கட்டினால் இப்படித்தான் நடக்கும். காயில் உறையும் நிலைக்கு வருவதற்கு முன்பே கம்ப்ரசரை நிறுத்த ஒரு சென்சார் இருக்கும். அது கெட்டுப்போனாலோ, காயிலில் அழுக்கு அடைத்தாலோ, கேஸ் குறைந்தாலோ ஐஸ் பிடிக்கும்.

நிற்கும்போது சூடு, ஓடும்போது ஜில்

இதைக் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. சிக்னலில் நிற்கும்போது வெதுவெதுப்பு, பைபாஸில் 80-ல் போகும்போது ஜில்லுனு வருகிறது என்றால், கேஸைவிட கண்டென்சர் ஃபேன் மேல்தான் சந்தேகம் அதிகம். வண்டி ஓடும்போது எதிர்க்காத்தே கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி.

சோதிப்பது சுலபம். வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஏசி போட்டு, போனட்டைத் திறந்து தள்ளி நின்று பாருங்கள். எலக்ட்ரிக் ஃபேன் சுற்றுகிறதா? சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். வேட்டி, துப்பட்டா, புடவைத் தலைப்பு எதுவும் ஃபேன், பெல்ட் பக்கம் போகவே கூடாது. சில வண்டிகளில் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று ஓட ஆரம்பிக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் சரியில்லை என்றால் கண்டென்சரைக் குனிந்து பாருங்கள். பூச்சி, மண், வைக்கோல் துரும்பு எல்லாம் அடைத்திருக்கும். ரிக் வண்டியும் லாரியும் கிளப்பும் செம்மண் புழுதியில் தினமும் ஓடும் வண்டிக்கு இது சகஜம். இன்ஜின் ஆறின பிறகு சாதாரண ஹோஸ் தண்ணியால் மெதுவாகக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் கடையின் ஹை பிரஷர் துப்பாக்கியைக் கிட்டத்தில் வைத்து அடித்தால், அலுமினியத் தகடுகள் மடங்கி, காத்து போகிற வழியே மூடிவிடும். அப்புறம் புது கண்டென்சர்தான்.

ஊசி ‘ஹெச்’ பக்கம் ஏறுகிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் பல கார்களில் கம்ப்ரசர் தானாகவே நின்றுவிடும். அங்கே கோளாறு ரேடியேட்டரில் இருக்கும். குறை தெரிவது ஏசியில்.

யாரும் பார்க்காத இடம்: ஹீட்டர்

நம்ம ஊரில் கார் ஹீட்டரை யார் போடப்போகிறார்கள்? அதனால்தான் அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் டேஷ்போர்டுக்குள் ஏசியும் ஹீட்டரும் ஒரே பெட்டிக்குள்தான் குடித்தனம் நடத்துகின்றன. புளோயர் தள்ளும் காத்து முதலில் கூலிங் காயிலைத் தாண்டும். அதுக்கு அடுத்து, சுமார் 90 டிகிரி சூட்டில் இன்ஜின் கூலண்ட் ஓடும் ஹீட்டர் காயில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மடக்குக் கதவு. டேஷ்போர்டில் இருக்கும் நீலம்-சிவப்பு திருகு, கேபிள் வழியாக இந்தக் கதவைத்தான் ஆட்டுகிறது. சில பழைய வண்டிகளில் கதவுக்குப் பதிலாக, இல்லை கதவோடு சேர்த்தே, சூடான தண்ணியைத் திறந்து மூடும் ஒரு வால்வு இருக்கும்.

இந்தக் கேபிள் கழன்றாலோ, கதவு பாதியில் சிக்கினாலோ, வால்வு முழுசா மூடாமல் போனாலோ என்ன ஆகும்? கூலிங் காயில் காத்தைக் குளிர்விக்கும். அடுத்த நொடியே ஹீட்டர் காயில் அதைச் சூடாக்கும். கடைசியில் முகத்துக்கு வருவது வெதுவெதுப்பு. இந்த நிலையில் எவ்வளவு கேஸ் ஏத்தினாலும் பிரயோஜனம் இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் திருகு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். வண்டி துடைக்கும்போதோ, பின் சீட்டுக் குழந்தை முன்னால் எட்டிப் பார்த்தபோதோ சிவப்புப் பக்கம் திரும்பி, மாசக்கணக்கில் அப்படியே ஓடும் வண்டிகள் உண்டு.

அடுத்து, இன்ஜின் நல்லா சூடான பிறகு ஏசியை அணைத்துவிட்டு, புளோயரை மட்டும் போட்டு, வெளிக்காத்து நிலையில் வையுங்கள். திருகை முழு நீலத்தில் வைத்தால், வென்ட்டில் வருவது வெளியில் அடிக்கும் காத்தின் சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். அதைவிடத் தெளிவாகவே சூடாக வந்தால், ஹீட்டர் கலக்கிறது. முழு சிவப்புக்குத் திருப்பினால் நல்ல சூடு வர வேண்டும். நீலத்துக்கும் சிவப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் கேபிளோ கதவோ வேலை செய்யவில்லை. அதிகாலையில் செய்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

உள்காத்து-வெளிக்காத்து மாற்றும் கதவும் இப்படிச் சிக்கும். அது வெளிக்காத்திலேயே நின்றுவிட்டால், 40 டிகிரி காத்தை ஒவ்வொரு நொடியும் புதுசாகக் குளிர்விக்க வேண்டியிருக்கும். சின்ன இன்ஜின் வண்டி அதில் தோற்றுப் போகும்.

ஹீட்டர்தான் காரணம் என்று தெரிந்ததும் சில பட்டறைகளில் ஒரு குறுக்குவழி செய்வார்கள். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கழட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடுவார்கள். ஏசி உடனே ஜில்லுனு ஆகிவிடும், செலவும் கம்மி. சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு இது தாங்கும். ஹீட்டர் தேவைப்படும் ஒரு நாள் வரும்போதுதான் சிக்கல்.

ஏற்காடு ஏறும்போது தெரியும் குறை

வெண்ணந்தூரில் இருந்து காலையில் கிளம்பினால் சாவகாசமாக ஏற்காடு போய்விடலாம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலை என்றால் 70 வளைவுகள். கார்த்திகை, மார்கழி மழையிலும் பனியிலும் மேலே ஏறும்போது, உள்ளே நாலு பேர் விடும் மூச்சு குளிர்ந்த கண்ணாடியில் பட்டு, உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். எதிரே பஸ் வருவது தெரியாது. கையால் துடைத்தால் கோடு கோடாக ஆகி இன்னும் மோசம்.

இதற்கு மருந்து ஏசியும் ஹீட்டரும் சேர்ந்துதான். கண்ணாடிக்குக் காத்து அடிக்கும் நிலைக்கு மாற்றி, ஏசியைப் போட்டு, திருகைச் சிவப்புப் பக்கம் தள்ளி, வெளிக்காத்தைத் திறந்துவிட வேண்டும். கூலிங் காயில் காத்தில் இருக்கும் ஈரத்தைப் பிழிந்து எடுக்கும். ஹீட்டர் அந்த உலர்ந்த காத்தைச் சூடாக்கும். கண்ணாடி ஒன்றிரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிடும். ஹோஸைக் கழட்டிச் சேர்த்துவிட்ட வண்டியில் இதில் பாதி வேலைதான் நடக்கும்.

ஹீட்டர் இணைப்பு ஒழுங்காக இருந்தும் சூடு வரவில்லையா? கூலண்ட் அளவு குறைந்திருக்கலாம். ஹீட்டர் காயில் பல வண்டிகளில் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால், தண்ணி குறைந்ததும் காத்துக் குமிழ் முதலில் அங்கேதான் போய் அடைக்கும். எனவே ஹீட்டர் திடீரென்று சூடு தராமல் போனால், ரேடியேட்டரில் தண்ணி குறைகிறது என்பதற்கு அதுவே முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். ஒரு விஷயம்: இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும் தண்ணி முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

அடுத்த காரணம் கொஞ்சம் வேதனையானது. கூலண்டுக்குப் பதிலாக போர் தண்ணி ஊத்துவது. உப்புத் தண்ணியில் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் ஹீட்டர் காயிலின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. துருவும் சேர்ந்தால் சேறு மாதிரி அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு வழியில் தண்ணி ஊத்தலாம். ஊர் வந்ததும் அதை வடித்துவிட்டு, கூலண்டை டிஸ்டில்ட் வாட்டரோடு சரியான அளவில் கலந்து ஊத்த வேண்டும்.

மூன்றாவது, தெர்மோஸ்டாட் வால்வு. இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டர் வழியை மூடி வைத்திருந்து, வண்டியைப் பொறுத்து சுமார் 82 முதல் 88 டிகிரியில் திறக்கும் வால்வு இது. “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க” என்று சொல்லி அதைக் கழட்டிவிடும் பழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. கழட்டினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் பிடிக்கும். மைலேஜ் குறையும். இன்ஜின் தேய்மானம் கூடும். மலை மேலே ஹீட்டரில் வெதுவெதுப்புகூட வராது. ரேடியேட்டர் அடைப்பால் இன்ஜின் சூடாகிறது என்றால், தெர்மோஸ்டாட்டைக் கழட்டுவது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

முன் கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் பசை மாதிரி படிகிறதா, இனிப்பான ஒரு வாசனை வருகிறதா, முன் பக்கம் கால்மிதிக்கு அடியில் கார்பெட் ஈரமா? ஹீட்டர் காயில் ஒழுகலாம். ஈரம் வெறும் தண்ணியாக, வாசனை இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். ஏசித் தண்ணி வெளியேறும் டியூப் அடைத்திருக்கும். கம்பியோ காத்தோ விட்டு எடுத்துவிடலாம். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணி சொட்டுவது நல்ல அறிகுறி.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

இத்தனையும் பார்த்தாச்சு, எல்லாம் சரி, ஆனாலும் குளிர் இல்லை. இப்போது ஏசி மெக்கானிக்கிடம் போகலாம். போனதும் முதலில், கம்ப்ரசர் பிடிக்கிறதா என்று கேளுங்கள். ஏசி பட்டனை அழுத்தியதும் போனட்டுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்து, கம்ப்ரசர் முன் தட்டு சுற்ற ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலான பழைய கார்களில் காந்த கிளட்ச்தான். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச், கிளட்ச் காயில் என்று பார்க்க வேண்டும். கேஸ் ரொம்பக் குறைந்தாலும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரைப் பிடிக்க விடாது. பிடித்தும் பெல்ட் ‘கீச்’ என்று வழுக்கினால், முதலில் பெல்ட்.

அப்புறம் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். வெளியில் 35 டிகிரி போல இருக்கும்போது ஆர்-134ஏ வண்டியில் லோ பக்கம் சுமார் 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை பக்கம் சுமார் 200 முதல் 250 பிஎஸ்ஐ இருந்தால் ஓரளவு சரி. வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு பக்கமும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டு பக்கமும் அதிகம் என்றால் கேஸ் அளவுக்கு மீறி இருக்கிறது, அல்லது கண்டென்சர் சூட்டை வெளியே விடவில்லை. லோ பக்கம் அதிகமாகவும் ஹை பக்கம் குறைவாகவும் நின்றால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம். லோ பக்கம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கினால் எங்கோ அடைப்பு. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு கேஜை மட்டும் பார்த்து “கேஸ் இவ்வளவு இருக்கு” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிற்கும் வண்டியில் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது. கேஸ் எவ்வளவு கிராம் இருக்கிறது என்று அதில் தெரியாது.

கேஸ் குறைவு என்று உறுதியானால், ஒழுகும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேஸோடு ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருக்கும். பைப் ஜாயிண்ட், கண்டென்சர் மூலை, கம்ப்ரசர் முன்பக்கம் எல்லாம் வழக்கமான இடங்கள். நைட்ரஜன் அடித்து சோப்பு நுரை வைத்துப் பார்ப்பது எளிய வழி. கூலிங் காயிலுக்குள்ளேயே ஓட்டை என்றால் இது தெரியாது. டை போட்டோ, கேஸ் மோப்பம் பிடிக்கும் கருவி வைத்தோ பார்க்க வேண்டும்.

அடைத்த பிறகு வேக்கம். இந்த இடத்தில்தான் அவசரக் கடைகள் நேரத்தை மிச்சம் பிடிக்கும். குழாய்க்குள் காத்தும் ஈரமும் இருந்தால் கூலிங் குறையும். ஈரம் எக்ஸ்பேன்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும். ஆயிலோடு சேர்ந்து உள்ளே அரிக்கும். அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு, பம்பை நிறுத்தி, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான முறை. குழாயைத் திறந்து வேலை செய்திருந்தால் ட்ரையர் பாட்டிலும் மாற்ற வேண்டும்.

கடைசியாக, எடை. ஒவ்வொரு வண்டிக்கும் இத்தனை கிராம் என்று கணக்கு உண்டு. போனட்டுக்கு உள்பக்கம் ஸ்டிக்கரிலோ, வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். “கொஞ்சம் கூடவே போட்டுடுங்க, நல்லா ஜில்லுனு வரட்டும்” என்று நாமே சொல்வதுண்டு. கூடினால் கண்டென்சரில் திரவம் நிரம்பி, அழுத்தம் ஏறி, கூலிங் குறையத்தான் செய்யும், கம்ப்ரசரும் அடிபடும். போட்ட கேஸ் எத்தனை கிராம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அடுத்த வருஷம் மறுபடி போகும்போது, எவ்வளவு ஒழுகியிருக்கிறது என்று அந்தத் தாள்தான் சொல்லும்.

விலை குறைந்த கேஸ் வேண்டாமே

மலிவாகக் கிடைக்கிறது என்று சமையல் எரிவாயு வகைக் கேஸை ஏசியில் ஏத்துவது நடக்கக்கூடிய ஆபத்து. குளிர் நன்றாகவே வரும். ஆனால் அது எரியக்கூடியது. ஆர்-134ஏ-க்காகச் செய்த காரில் கூலிங் காயில் ஒழுகினால், அது நேராகப் பயணிகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள்தான் வரும். போலி கேஸ் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் ஏற்கெனவே ஒரு பாடம் பார்த்திருக்கிறது. 2011-ல் கப்பல் குளிர்பதனக் கன்டெய்னர்களில், ஆர்-134ஏ என்ற பெயரில் மீத்தைல் குளோரைடு கலந்த கேஸ் ஏத்தப்பட்டிருந்தது. அது கம்ப்ரசரின் அலுமினியத்தோடு வினை புரிந்து, காத்துப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறியது. வெடித்ததில் வியட்நாமிலும் பிரேசிலிலுமாக மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். சீல் உடைக்காத, பிராண்டு பெயர் தெரிகிற சிலிண்டரில் இருந்து, கண் முன்னால் ஏத்தச் சொல்வதில் தப்பே இல்லை.

1990-களின் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. அப்போது இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் 1987-ன் மாண்ட்ரியல் ஒப்பந்தம் அந்த வகைக் கேஸ்களுக்குத் தடை போட்டது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. இப்போது ஆர்-12 வண்டியில் ஆர்-134ஏ போட வேண்டுமென்றால், பழைய ஆயிலை வடித்து ஆயில் வகையை மாற்றி, ஓ-ரிங், ட்ரையர் எல்லாம் மாற்ற வேண்டும். நேராக மேலே ஏத்திவிட்டால் கம்ப்ரசருக்கு ஆயில் போய்ச் சேராது.

கம்ப்ரசரே போய்விட்டது என்றால் கணக்குப் போட வேண்டிய நேரம். புதுசு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். உள்ளே தேய்ந்த இரும்புத் துகள் கண்டென்சர் வரை போயிருந்தால் அதையும் சேர்த்து மாற்றாமல் புது கம்ப்ரசர் நிலைக்காது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பழைய கம்ப்ரசரை வாங்கிப் போடுவதைவிட, கேரண்டி தரும் ரீகண்டிஷன் கம்ப்ரசர் மேல். அந்தச் செலவுக்கு வண்டி தகுதியா என்பது அவரவர் வீட்டுக் கணக்கு.

ஏசி போட்டுட்டு வண்டியில் தூங்கலாமா?

கூடாது. அதுவும் பழைய வண்டியில் கூடவே கூடாது. சைலன்சரில் ஓட்டை, பின் டோர் ரப்பர் கிழிசல், தரையில் துரு என்று புகை உள்ளே நுழைய ஆயிரம் வழி இருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே மயக்கம் வந்து எழுந்திருக்க முடியாமல் போகும். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று தெரியவந்தது.

லாரி ஊரான நாமக்கல்லுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 2025-ல் இருந்து புதுசாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் டிரைவர் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. ஓட்டும்போது அது பெரிய நிம்மதி. மூடிய ஷெட்டுக்குள்ளோ, சுவரை ஒட்டியோ இன்ஜினை ஓடவிட்டுப் படுப்பது வேறு. காரில் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்றால், நிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் படுப்பதே பாதுகாப்பு.

ஏறினதும் முதல் ரெண்டு நிமிஷம்

வெயிலில் நின்ற காருக்குள் 60 டிகிரி வரைகூட ஏறும். கதவைத் திறந்ததும் உள்காத்து நிலையில் ஏசியைப் போட்டால், அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கப் பார்க்கும். நாலு கண்ணாடியையும் இறக்கி, ரெண்டு நிமிஷம் ஓட்டி, சூடு வெளியேறினதும் கண்ணாடியை ஏத்தி, உள்காத்துக்கு மாற்றுங்கள். பத்து நிமிஷம் ஓட்டிய பிறகு ஒரு சின்ன தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் செருகிப் பார்க்கலாம். வெளியில் 38 டிகிரி இருக்கும்போது 8 முதல் 12 டிகிரி காட்டினால் ஏசி ஆரோக்கியமாக இருக்கிறது. 18-க்கு மேல் காட்டினால் மேலே சொன்ன வரிசையில் பார்க்க ஆரம்பிக்கலாம்.

மார்கழியில் ஏசியைத் தொடவே மாட்டோம் என்பவர்களுக்கு ஒன்று. கம்ப்ரசருக்குள் இருக்கும் ஆயில், கேஸ் சுற்றினால்தான் சீல்கள் வரை போய்ச் சேரும். மாசக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் ரப்பர் சீல் காய்ந்து, பங்குனியில் போடும்போது ஒழுக ஆரம்பிக்கும். பனிக்காலத்திலும் வாரத்துக்கு ஒரு தடவை, சந்தைக்குப் போகும்போதாவது, பத்து நிமிஷம் ஏசியை ஓடவிடுங்கள். அப்படியே நீலம்-சிவப்பு திருகையும் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை திருப்பி விடுங்கள். உள்ளே இருக்கும் கதவும் கேபிளும் இறுகாமல் இருக்கும்.